கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

"ஒரு மணி பத்து நிமிசம்னு போட்டிருக்குதுங்க."

"அவ்வளவுதானா அம்மணி? நம்ம வீரபாண்டியில இருந்து அவினாசி போய்ச் சேரவே அந்நேரம் ஆயிருமே."

"மேல நேராப் போறதுங்க. நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். நாலு மணிக்குச் சட்டை முடிஞ்சாக்கூட ஆறரை பிளைட்டுல ஏத்திரலாமுங்க."

அனுப்ரியாவின் கம்ப்யூட்டர் திரையில் கோவையையும் சென்னையையும் ஒரே கோடு இணைத்திருந்தது. நடுவே ஊரில்லை, சிக்னல் இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளி குமாரசாமி அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கம்பெனியின் மெர்ச்சண்டைசராக, அனுப்ரியா தனியாக எடுத்து நடத்தும் முதல் ஆர்டர் அது. ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டைகள். சட்டைகளை வாங்கும் ஜெர்மன் கம்பெனி அனுப்பிய பெண் அதிகாரி முந்தின நாள் வந்து, காலரின் நீலம் வெளுத்திருக்கிறது என்று சாம்பிளை ஒதுக்கிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். இன்று நள்ளிரவில் அங்கிருந்து ஜெர்மனிக்குத் திரும்புகிறார். அவர் விமானம் ஏறுமுன் திருத்திய சட்டை கைக்கு வந்தால் ஆர்டர் இவர்களுக்கு; இல்லாவிட்டால் வங்காளதேசத்துக்கு. போட்டோ அனுப்பட்டுமா என்று அனுப்ரியா கேட்டதற்கு, துணியைத் தொட்டுப் பார்க்காமல் சம்மதம் சொல்வதில்லை என்று பதில் வந்தது. சென்னை விமான நிலையத்தில் சட்டையை வாங்கி அவரிடம் சேர்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தாயிற்று.

டெய்லர் தவசி சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்துக் கொடுத்தார். அம்மன் சாமிக்குப் பாவாடை தைப்பதாக நினைத்துக்கொண்டு தைத்தாராம். டிரைவர் ஆறுச்சாமி விரட்டிக்கொண்டு வந்து, ஐந்து மணி வாக்கில் அனுப்ரியாவைக் கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்.

கார்கோ ஜன்னலில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த விமானத்துக்கான சரக்கை மதியமே வாங்கி முடித்தாயிற்று. இனி நாளைக் காலைதான்.

கம்பெனிச் சரக்கெல்லாம் கப்பலில் போய்ப் பழகியது. தூத்துக்குடியில் எந்தக் கப்பலுக்கு எப்போது சரக்கு வாங்குவதை நிறுத்திக் கேட்டை மூடுவார்கள் என்று கம்பெனி வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவார். விமானச் சரக்குக்கும் அப்படி ஒரு கேட் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பறக்கிற நேரம் மட்டும்தான் அனுப்ரியாவின் கணக்கில் இருந்தது.

தானே ஏறிப் போகலாம் என்று டிக்கெட் கேட்டாள். இடமில்லை. காரில் போனால் நள்ளிரவு தாண்டிவிடும். குமாரசாமிக்குப் போன் செய்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"தெரிஞ்ச மூஞ்சி எதாச்சும் தட்டுப்படுதான்னு பாரு கண்ணு," என்றார். "திருப்பூர்க்காரன் இல்லாத பிளைட் ஏது?"

அன்றைக்கு இருந்தது. தெரியாதவர்களிடமே கேட்டாள். ஒருவர் முகம் கொடுக்காமல் உள்ளே போனார். இன்னொருவர், தெரியாதவர் பொருளை வாங்கக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கடைசியாகக் காட்டன் சேலை கட்டிய ஒரு பெண்மணி, கைப்பையோடு மட்டும் வந்தார். அனுப்ரியா கவரைப் பிரித்தாள். உள்ளங்கை அகலமே இருந்த சட்டையை உதறி, அதன் கைகளை உட்புறம் வெளியாகத் திருப்பி, காலரையும் மடித்துக் காட்டினாள்.

"ஏனுங்க, மெட்ராசுக்குத்தானுங்களே போறீங்க? பாருங்க, கொழந்தை சட்டைதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க. எறங்கற எடத்துல எங்க கம்பெனிப் பேரு எழுதுன அட்டையோட ஒருத்தரு நிப்பாருங்க. அவருகிட்ட இதை மட்டும் குடுத்தர்றீங்களா?"