சண்டைக்குப் போகாத கெளுத்தி

1

இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது போனில் வந்த ஆர்டர். ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர், வளர்ப்புப் பிராணிகள் சிறப்பிதழ் கொண்டுவருவதாகவும், சண்டை, சாவு, அழுகை எதுவும் இல்லாமல் மனசுக்கு இதமாக ஒரு கதை வேண்டும் என்றும் கேட்டார். அதாவது, கதையில் கதை இருக்கக் கூடாது. எனக்கு அது கைவந்த கலை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

நான் அண்ணன் வீட்டில் தங்கியிருப்பவன். கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதன் அடித்தளத்தில் கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டிக் கெளுத்திகள் திரியும். மீசை வைத்துக்கொண்டும் யாரையும் மிரட்டாத ஜீவன்கள். நாலு பக்கம் புகழ்ந்துவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "நீரின் மௌனத்துக்குள்தான் எத்தனை பிரபஞ்சங்கள்..." (மௌனமாவது மண்ணாவது. ஃபில்டர் மோட்டார் நாள் முழுக்கக் கொறகொறக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "அண்ணனுக்கு மீன் என்றால் உயிர்." (பொய். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்து "அடடா" என்பார்களே, அதுதான் அண்ணனுக்கு உயிர்.)

இதை அடித்த இடத்தில்தான் கதை என்னிடம் மாட்டிக்கொண்டது. அல்லது நான் அதனிடம்.

2

அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர். பதவி உயர்வு வந்ததும் தொட்டி வாங்கினார். அடியில் நீலமும் சிவப்புமாகக் கூரான கல், நடுவில் பிளாஸ்டிக் கோட்டை, மேலே பளபளவென்று வண்ண மீன்கள். சில வாரங்களில் தீனியின் மிச்சம் அடியில் தங்கி நாற்றம் எடுத்தது. ரெண்டு கெளுத்தி விடுங்கள், அழுக்கையெல்லாம் தின்றுவிடும் என்றார் மீன்கடைக்காரர். அண்ணன் சொக்கிப்போனார். சம்பளமும் லீவும் கேட்காத, முணுமுணுக்காத பணியாளர்களைத்தான் அவர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

கெளுத்திகள் வந்தன. தீனி மேலே தூவப்பட்டது. வண்ண மீன்கள் ஒரு துணுக்கு விடாமல் காலி செய்தன. கீழே கூர்க்கல்லின் இடுக்கில் மீசையை நுழைத்து நுழைத்துத் துழாவியதுதான் கெளுத்திகள் கண்ட விருந்து.

அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். காலையிலிருந்து மாலைவரை ஊராரின் உள்ளிருப்பதைப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கெளுத்திகளின் ஒட்டிய வயிறு தப்பவில்லை. அண்ணனிடம் சொன்னார். அதுதான் அழுக்கைத் தின்கிறதே என்றார் அண்ணன், செய்தித்தாளை இறக்காமல்.

பத்து நாள் கழித்து ஒன்று செத்துப்போனது.

(உதவி ஆசிரியர் கவனத்துக்கு: சாவு கூடாது என்றீர்கள். மீனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.)

3

மிஞ்சிய ஒன்று ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அண்ணி விசாரித்து வந்தார். இவை கூட்டமாகத்தான் இருக்குமாம், தனியே விட்டால் ஒடுங்கிப்போகுமாம், அடியில் மணல்தான் வேண்டுமாம், இவற்றுக்கென்று நீரில் மூழ்கும் தீனி இருக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துக் கூர்க்கல்லை வாரி வாளியில் கொட்டினார், பொடிமணல் பரப்பினார், மேலும் ஐந்து கெளுத்திகளைக் கொண்டுவந்து விட்டார்.

அன்று சாயங்காலம் ஆறு கெளுத்திகளும் மணலில் முகம் புதைத்து ஒரே வரிசையாக மேய்ந்தன. ஒன்று திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கீழே வந்து உட்கார்ந்தது. அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கூடத்தில் அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தோடு உட்காரும் அண்ணி, அந்த மீனில் தன்னையே..."

வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. தாள் மேசையில் கிடந்தது. தூசி தட்ட வந்த அண்ணி படித்துவிட்டார்.

"தம்பி, என்னை மீனுக்கு உவமையாக்காதீங்க. மீனுக்குத்தான் பேச வராது. எனக்கு வரும்."

"சரிங்க அண்ணி."

"அப்புறம், கடைசியாச் சாப்பிடுறது நான்னு தெரிஞ்சிருக்கே. ஒரு நாளாவது தட்டு எடுத்து வச்சிருக்கீங்களா?"

எழுத்தாளனுக்கு அவதானிப்புதான் வேலை, தட்டு எடுத்து வைப்பதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று முதல் எடுத்து வைக்கிறேன்.

4

சண்டை இல்லாத பகுதி முடிந்தது.

அண்ணனின் மேலதிகாரி விருந்துக்கு வருவதாக இருந்தது. அன்று பகலில் அண்ணி வேலையில் இருந்தார். நான் சிறப்பிதழ் விஷயமாகப் பத்திரிகை அலுவலகத்தில், இதம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மணலை அள்ளிவிட்டு வண்ணக்கல்லைத் திரும்பப் போட்டார். ஆறு கெளுத்திகளையும் பையில் பிடித்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி வந்தார், "அடடா" என்றார், போனார். வேலையிலிருந்து வந்த அண்ணி, விருந்தினர் போகும்வரை பரிமாறிக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார். "எங்கே அதுங்க?"

கடையில் நன்றாகத்தான் இருக்கும், தொட்டி பழையபடி பார்வையாக இருக்கிறதே என்றார் அண்ணன்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"என் தொட்டி. யாரைக் கேக்கணும்?"

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். (வசனம்கூடத் தயார் செய்திருந்தேன், நன்றாக இருந்தது.) அவர் எச்சில் தட்டுகளை அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் அண்ணி மீன்கடைக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். கடையில் அதே சாதியில் நாற்பது ஐம்பது கெளுத்திகள் ஒரே தொட்டியில் மொய்த்தன. எல்லாம் ஒன்றுதான் மேடம், ஏதாவது ஆறு பிடித்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். அண்ணி கண்ணாடியருகே குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார். கடைசியில் ஒன்றைக் காட்டினார். அதன் மீசை ஒரு பக்கம் கூர்க்கல்லில் தேய்ந்து மொட்டையாக இருந்தது. "இது எங்க வீட்டுது," என்றார். அந்தக் குரலை எழுத எனக்கு வரவில்லை. அதையும், அதை ஒட்டி நின்ற ஐந்தையும் வாங்கிக்கொண்டோம்.

5

புதிய தொட்டி என் அறைக்கு வந்தது. என் எழுத்து மேசைமேல். வீட்டில் உபயோகமில்லாமல் கிடந்த உறுதியான மேசை அது ஒன்றுதான் என்று அண்ணி விளக்கினார். இந்தக் கதையை மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். கோணலுக்கு அதுவே காரணம்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டதென்ற தகவல்கூட என் வழியாகத்தான் போகிறது. ஆளுக்கொரு முடிவும் என்னிடம் கேட்கிறார்கள். உதவி ஆசிரியருக்குச் சமரசம் வேண்டும், முடிந்தால் கண்ணீர் இல்லாமல். அண்ணனுக்கு, அண்ணி தப்பை உணர்கிற முடிவு. எனக்கு, மேசை திரும்பி வருகிற முடிவு. அண்ணி மட்டும் எதுவும் கேட்கவில்லை. வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே.

நான் அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கினார்.

இன்று சாயங்காலம் சார்ஜர் தேடுகிற சாக்கில் என் அறைக்கு வந்தார். சார்ஜர் அவர் சட்டைப்பையில் இருந்தது. தொட்டி முன் குந்தி உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் மரத்திருக்க வேண்டும், தரையில் கையூன்றிக்கொண்டார்.

"டேய், இதுங்களுக்கு என்னடா போடணும்?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாசலில் அண்ணி நின்றிருந்தார், கையில் தீனி டப்பாவோடு. அவர் கேட்டுவிட்டார் என்பது அண்ணனுக்கும் தெரிந்தது. திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்தது.

அண்ணிக்குப் பேச வரும். நான் அட்டையையும் தாளையும் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து இதுவரைக்கும் எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது அவர்கள் விஷயம். கட்டாயம் தெரிந்தாக வேண்டும் என்றால் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.