விறகுக் கேஸ்

பொலிஸ் கொடுத்த காகிதம் முழுக்கச் சிங்களம். பேச்சியம்மா அதை நாலாக மடித்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள். வாசித்துக் காட்டச் சொல்லி யாரிடமும் போகவில்லை. எதற்குப் போகணும்? விஷயம்தான் தெரியுமே. பதினாலு வயது மகள் சுலக்ஷனா தோட்டத்துத் தொரை பங்களாவுக்குப் பின்னால் காய்ந்த மரத்தில் ஒரு கட்டு விறகு ஒடித்து வந்தாள். மறுநாளே பொலிஸ் வந்து, "பங்களாவுலருந்து எடுத்தியா?" என்றது. எடுத்தேன் என்றது பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. தோட்டத்து ஆபீசில் விசாரணை என்றால் வாயாடக் கூடாது. "தப்புதாங்க தொரை" என்று கையைக் கட்டி நின்றால் ரெண்டு ஏச்சோடு போய்விடும். பேச்சியம்மாவே அப்படித் தப்பித்தவள்தான்.

"எதுத்துப் பேசிறாத. என்ன கேட்டாலும் தப்புதாங்கன்னு சொல்லு," என்று கோர்ட் வாசலில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் லீவு. நீதவான் சிங்களத்தில் நீளமாக வாசித்தார். ஒரு கிளார்க், "ஒத்துக்கொள்றதா?" என்று மட்டும் அரைத் தமிழில் கேட்டார். பாவி மனுசன், வாசித்ததில் ஒரு வரியைப் பிள்ளைக்குச் சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

"தப்புதாங்க," என்றாள் சுலக்ஷனா.

தீர்ப்பும் விளங்கவில்லை. பொலிஸ் வேனில் ஏற்றும்போது பிள்ளை, "சரியாச் சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான்டி சொன்ன. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

கினிகத்தேனையில் பஸ் மாறும்போது, சிங்களம் வாசிக்கத் தெரிந்த கடைக்காரர் பைஸர் நானாவிடம் பொலிஸ் கொடுத்த பழைய காகிதத்தையும் கோர்ட்டில் கொடுத்த புதுக் காகிதத்தையும் நீட்டினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதுல வெறகே இல்லம்மா. பங்களா ஜன்னல ஒடச்சு ரெண்டு தங்கச் சங்கிலி களவெடுத்ததுன்னு இருக்கு. புள்ள ஒத்துக்கிட்டதால மூணு வருஷம் நன்னடத்தைப் பாடசாலையில அடைச்சு வைக்கச் சொல்லியிருக்கு."

"இப்பப் போயி இல்லன்னு சொன்னாக் கேப்பாங்களா நானா?"

"லோயரத்தான் கேக்கணும்."

கேட்டாள். வாயால் ஒத்துக்கொண்ட கேஸ், கஷ்டம் என்று லோயரும் கையை விரித்தார். ஊர் வெட்டின குழி போதாதென்று பெற்றவளும் மண்வெட்டி எடுத்தாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் மகளைப் பார்க்கப் போனாள். காகிதம் பையில் இருந்தது. நானா வாசித்ததை அப்படியே சொல்லிவிடணும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

சுலக்ஷனா மெலிந்திருந்தாள். "ஒரு கட்டு வெறகுக்கு இவ்வளவு நாளாம்மா?" என்றாள்.

களவாணி என்று எழுதியிருப்பதை, அதை ஒத்துக்கொள்ளச் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? பேச்சியம்மா பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடி," என்றாள். "வெறகுக்குத்தான்."