எந்த ஊரு ஜனம்

விடிவதற்குள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் உருகும் வாடை எழுந்துவிட்டது. வாளி வார்க்கும் எந்திரங்களின் முன்னே உள்ளூர்ப் பெண்களும் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்களும் வேர்வை வழிய நின்றார்கள். அச்சு திறக்கும், சூடு முகத்தில் அறையும், கையை விட்டு வாளியை இழுக்க வேண்டும். பாதுகாப்புக் கதவைப் போன மாதமே கழற்றிவிட்டார்கள். கதவு இருந்தால் வேகம் குறைகிறதாம்.

அன்று சுக்ராம் முண்டாவின் கை உள்ளே இருக்கும்போதே அச்சு மூடிக்கொண்டது.

பக்கத்து எந்திரத்திலிருந்த தனக்கொடி பாய்ந்து பொத்தானை அடித்தாள். விரல்கள் நசுங்கியிருந்தன. அவன் தன் மொழியில் தாயைக் கூவினான். எல்லோருக்கும் புரிந்தது.

முதலாளி தேவதாஸ் அவனுக்கு ஒரு கிளினிக்கில் கட்டுப் போடவைத்து மதியமே கூட்டிவந்தார். அவனையும் அவனுடைய பையையும் வேனில் ஏற்றினார்கள். வேன் ரயிலடிக்குப் புறப்பட்டது.

தனக்கொடி கேட்டில் மறித்து நின்றாள். பெண்கள் பின்னால் வந்தார்கள்.

"எங்க அனுப்புறீங்க சார்?"

"ஊருக்கு. ரூமுல வழுக்கி விழுந்துட்டான். அம்மாகிட்ட இருந்து ஆறட்டும்."

"மிஷின்ல அடிபட்டவன ரயிலேத்திட்டா கேசு இல்ல, நஷ்டஈடு இல்ல. அதானே?"

தேவதாஸ் குரலைத் தாழ்த்தினார். "நீ நம்ம ஊரு ஜனம்மா. அவனுங்க வந்தேறிங்க. உங்க கூலி ஏறாததே அவனுங்களாலதான்."

அந்தப் பேச்சு பெண்களுக்குள்ளும் உண்டு. சிலர் தலை குனிந்தார்கள்.

"எங்கப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு," என்றாள் தனக்கொடி. "அங்க இந்தியாக்காரன்னு கப்பலேத்துனாங்க. இங்க எறங்குனா சிலோன்காரன்னாங்க. சாகுற வரைக்கும் அதான் பேரு. நான் எந்த ஊரு ஜனம் சார்? எங்க கூலிய சுக்ராமா புடிச்சி வெச்சிருக்கான்?"

"வேலை வேணாமா உங்களுக்கு?"

"கை வேணும் சார்."

உடைந்த தமிழில் சொன்னவன் சுக்ராமின் கூட்டாளி லக்கன். எந்திரங்களை நிறுத்திவிட்டு ஜார்க்கண்டுக்காரர்கள் அவன் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

டிரைவர் வைத்திலிங்கம் முதலாளியைப் பார்த்தார். இரத்தம் கசியும் கட்டைப் பார்த்தார். "ஏறு தம்பி," என்று லக்கனுக்குக் கதவைத் திறந்துவிட்டார். "ஜிப்மர் பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம். மிஷின்ல அடிபட்டுச்சின்னே சொல்லு. நானும் சொல்றேன்."

வேன் போனது. தேவதாஸ் போலீசுக்குப் போன் போட்டார்.

"கதவ மாட்டுற வரைக்கும் மிஷின் ஓடாது," என்று சொல்லித் தனக்கொடி கேட்டின் குறுக்கே உட்கார்ந்தாள். இரண்டு மொழிக்காரர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் ஷிப்டு பஸ் வந்தது. முதலில் இறங்கிய செல்வாம்பாள் திகைத்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"சொல்றேன், உக்காரு."

தூரத்தில் ஜீப்பின் சைரன் கேட்டது. செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ்ஸிலிருந்து மற்றவர்களும் இறங்கத் தொடங்கினார்கள்.