வால் வெட்டப்பட்ட புரதம்

கண்ணாடித் தட்டு இரண்டையும் நுண்ணோக்கி அருகே வைத்துவிட்டு, அவன் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். எந்தத் தட்டில் எந்தப் புரதம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தட்டுகளின் பெயரை டேப் ஒட்டி மறைத்ததே அவன்தான். பார்த்து எண்ணுகிறவருக்கு விடை தெரியக்கூடாது என்பது ஆய்வக வழக்கம். சுவரைப் பார்ப்பது மட்டும் மனைவி போட்ட தனிச் சட்டம். அவன் முகத்தில் எந்த ரகசியமும் தங்காது.

"திரும்பினே, கொன்னுடுவேன்," என்றாள் அவள், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சுவத்துல பெயின்ட் உரியுது, பாத்தியா?"

"பேசாதே. குரல்லயும் தெரிஞ்சுடும்."

விஷயம் இதுதான். நரம்புச் செல்கள் சேதி பரிமாறச் சந்திப்பு கட்டவேண்டும். சேதி வாங்கும் செல்லின் புரதம் ஒன்று வெளியே கை நீட்டும். எதிர்ச் செல் அதைப் பிடித்ததும், தன் பக்கத்தில் சேதிப் பைகளைக் கொண்டுவந்து குவிக்கும். அந்தப் புரதத்தைச் சிறுநீரகச் செல்லில் வைத்தால்கூட, நரம்புச் செல் ஏமாந்து அதன்மேலேயே கட்டடம் எழுப்பும். அப்படி ஓர் அப்பாவி! கை வெளியே என்றால், செல்லுக்கு உள்ளே அந்தப் புரதத்துக்கு ஒரு வால். வாலை வெட்டினால் பைகள் குவியாது என்று அவள் அடித்துச் சொல்லிவந்தாள். இன்று ஒரு தட்டின் சிறுநீரகச் செல்களில் முழுப் புரதம், மற்றதில் வால் வெட்டியது; பைகள் குவிந்த இடம் சாயத்தில் ஜொலிக்கும். அவளுடைய முனைவர் பட்டமே அந்த வாலில் தொங்கியது. மதியம் பேராசிரியரிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"முதல் தட்டு ஜொலிக்குது. ரெண்டாவது கொஞ்சம் மங்கல்." அவள் குரல் துள்ளியது. "மங்கல்தானே வால் இல்லாதது? சொல்லுங்க சார்!"

ஜொலித்ததுதான் வால் இல்லாதது. 'ஆமா' என்று ஒரு சொல் போதும்; டேப்பை உரிக்கப்போகிறவனும் அவன்தான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான்.

"ஜொலிக்கிறதுதான்மா," என்றான் சுவரிடம்.

அவள் நிமிர்ந்து அவன் முதுகைப் பார்த்தாள்.

"பொய் சொல்லலாமான்னு பாத்தேன்," என்றான்.

"தெரியும். காது சிவந்துச்சு."

அவள் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "மங்கல்னு நெனச்சதே ஆசைதான். ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு, மெதுவாக: "பை குவியுறது எதிர்வீட்டுல. அதுக்கு வெளியே நீட்டுற கையே போதும். வாலுக்கு வேலை இருந்தா சொந்த வீட்டுக்குள்ளதான், சேதியை வாங்குற சாமானை எல்லாம் சேத்து நிறுத்துறதுல. சிறுநீரகச் செல்லுல அந்தச் சாமானே கிடையாதே!"

"அப்ப?"

"நரம்புச் செல்லுலயே வாலை வெட்டிப் பாக்கணும்."

"மதியம்?"

"நான் சொன்னது தப்புன்னு சொல்றேன். நீ கடைசி வரிசையில உக்காரு. பாவமா மட்டும் பாக்காதே."

மதியம் பேராசிரியர் முன்னால் சொன்னபடியே சொன்னாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சரி, அவ்வளவு நரம்புச் செல்லை யாரு வளக்கிறது?" என்றார்.

அவள் விரல் கடைசி வரிசையை நோக்கி நீண்டது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அந்த இடத்திலேயே உயிரை விட்டன.