ஹெட் இறக்கிய வண்டியைத் தள்ளியது

பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். காரின் பின்சீட்டைக் கழற்றி மண்ணில் போட்டு அதன்மேல் ஓஃபோரிவா. கார் அவளுடையது, ஓட்டுவதும் அவளேதான். கவிழ்த்த ஆயில் டின்மேல் ஃபிட்டர் துவோமோ. தன் வேனின் படியில், எழுந்து போக வசதியாக ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, போவாடி. இலையில் சுற்றி வேகவைத்த சோள மாவு உருண்டையான கென்கியை விற்கும் பானைக்குப் பக்கத்தில், என்றும் உட்காரும் முக்காலியில், போக்குவா. இடம், குமாசி நகரின் பட்டறைப் பேட்டையான சுவாமே மெகசீன், துவோமோவின் பட்டறை வாசல். நடுவே அவளுடைய பழைய பெஜோ கார், எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் இல்லாமல் பானெட்டைத் திறந்து போட்டபடி நின்றது.

ஓஃபின்சோ மேட்டில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, தண்ணீர் வற்றியது தெரியாமல் அவள் ஓட்டியதில் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. மெகசீனின் சந்து பொந்தெல்லாம் அலைந்து, பழைய எஞ்சின்களைப் பிரித்து விற்பவனிடம் வேறொரு ஹெட் பிடித்தாள். வியாழன் காலை துவோமோ அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவ லேத்துக்குத் தூக்கிப்போக, கொடுத்த ஹெட்தான் திரும்பி வருகிறதா என்று பார்க்க அவளும் கூடவே போனாள்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். டெச்சிமான் சந்தைக்கு வெள்ளி விடியலில் முதல் வண்டியாகக் கிளம்பும் முறை, வாடகை வண்டிகள் ஆள் ஏற்றும் ஸ்டேஷன் வரிசையின் வாலிலிருந்து நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் அவளிடம் வந்திருந்தது. மூட்டை முடிச்சோடு வரும் சந்தைப் பெண்கள் முதல் வண்டியைத்தான் நிரப்புவார்கள். பிறகு வருவதற்கெல்லாம் மிச்சம் மீதிதான். பழுதில் கிடக்கும் வண்டி வருமா வராதா என்று வியாழன் மாலைக்குள் ஸ்டேஷனுக்குக் கடிதம் போக வேண்டும், ஃபிட்டரின் கையெழுத்தோடு. கடிதம் போகாவிட்டால் பெயர் மறுபடி வாலுக்கு. வருகிறேன் என்று எழுதிவிட்டு வராதவருக்கும் அதே கதி.

லேத்திலிருந்து திரும்பியபோது கார் விட்ட இடத்தில் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றது. போவாடியின் மாமனார் சாவுச் சடங்குக்கு நாற்காலிகள் ஏற்ற வேண்டியிருந்ததாம். வேனுக்கு வழியை மறித்ததால் நாலு பேரை விசிலடித்துக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டானாம். போக்குவாதான் சொன்னாள். மெகசீனில் வழியில் நிற்கிற வண்டியைத் தள்ள யாரும் யாரையும் கேட்பதில்லை. கூப்பிட்டவனுக்குத் தோள் கொடுப்பதுதான் வழக்கம்.

ஆனால் ஹெட் இறக்கிய பெஜோவின் சங்கதி வேறு. அதன் எஞ்சினில் லைனர்கள், பிஸ்டன் ஏறி இறங்க, சும்மா செருகி வைத்த குழாய்கள்தான். அடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம், மேலே ஹெட்டின் அழுத்தம், அவ்வளவே பிடிமானம். ஹெட் இல்லாதபோது எஞ்சின் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் மேலே இழுத்துவிடும், வளையம் நகரும், தண்ணீர் ஆயிலில் இறங்கும். அதனால்தான் ஹெட்டை எடுத்ததும் போல்ட்டும் வாஷரும் போட்டு லைனர்களை இறுக்கி வைப்பார்கள். துவோமோ அந்த போல்ட்டுகளை, இழுபட்டு நீண்டுபோனவற்றுக்கு மாற்று வாங்கலாமென்று, பையோடு கொண்டுபோயிருந்தார். ஓஃபோரிவாவோ கைப்பிரேக்கை நம்பாதவள். வழக்கம்போல் கியரில் விட்டிருந்தாள். ஹெட் இருந்தால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கும். இப்போது எஞ்சினில் அடைபட்ட காற்று ஏது? நடைவண்டி போல உருண்டிருக்கிறது, உள்ளே எல்லாம் சுற்றியபடி.

துவோமோ இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மூன்றாவது லைனர் நகம் நுழையும் அளவு தூக்கி நின்றது.

"வழிய மறிச்சுது, தள்ளினேன்," என்றான் போவாடி. "எல்லாரும் செய்யறதுதானே? கியர்ல விட்டது யாரு அக்கா?"

"வேன் நெத்தியில 'பொறுமை'ன்னு எழுதி வச்சிருக்கியே," என்றாள் போக்குவா, "அது எதிர்ல வர்றவங்களுக்கு மட்டுமா?"

போவாடியே சிரித்துவிட்டான். ஓஃபோரிவா சிரிக்கவில்லை. துவோமோ குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்: மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் லைனர் உட்கார்ந்துவிடும்; ஹெட்டை மாட்டி இறுக்கினால் இருட்டுவதற்குள் வண்டி தயார்; நாளை முறை அவளுடையதுதான்.

"டெச்சிமான் போய்ச் சேருமா?"

"சேரும்."

"திரும்பி வருமா, மாஸ்டர்?"

துவோமோ ஸ்கேலைக் கால்சட்டையில் துடைத்தார். முன்பே துடைத்த ஸ்கேல்தான். அதுவே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

"அப்ப ஆயில் தொட்டிய இறக்குங்க. நாலு லைனரையும் வெளிய எடுத்து, எல்லாத்துக்கும் புது வளையம் போடுங்க."

அதற்குள் நாளை விடிந்துவிடும் என்றார் அவர். தெரியும் என்றாள்.

பிறகு ஆளாளுக்குப் பங்கு பிரித்தாள். கியரில் விட்டது அவள். அதனால் நாளைய முறை அவள் கையைவிட்டுப் போயிற்று. போல்ட்டை எடுத்துப்போனது மாஸ்டர். லைனர் வேலைக்குத் தனிக்கூலி கிடையாது. துவோமோ தலையசைத்தார். மிச்சம் போவாடி. அவனும் அதே ஸ்டேஷன்காரன்தான்; அடுத்த வெள்ளியின் முதல் முறை அவனுடையது. இருவர் ஒப்பினால் முறை மாற்றிக்கொள்வதை ஸ்டேஷன் தடுப்பதில்லை.

"நாளைக்கு என் முறையில நீ போ. அடுத்த வெள்ளி எனக்கு."

"நாளைக்கா? மாமனார் சடங்கு அக்கா. நாள் முழுக்க ஆள் ஏத்தி இறக்கணும். பொண்டாட்டி வீட்டுக்காரங்க என்னைய உரிச்சிருவாங்க."

"விடியக்காலம் போயிட்டு வந்து மத்தியானம் அழு."

"ரெண்டு மாசமா பொணக்கிடங்கு ஐஸ்ல காத்துக்கிட்டிருக்கற மனுஷன்," என்றாள் போக்குவா. "அரை நாள்ல கோவிச்சுக்க மாட்டாரு."

போவாடி வானத்தைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். ஓஃபோரிவா தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"நடந்தத நடந்தபடி எழுதப் போறேன். உன் கையெழுத்து இருந்தா, முறை மாத்திக்கிட்டாங்கன்னு படிப்பாங்க. இல்லாட்டி, கேக்காம தள்ளிக் கெடுத்துட்டு ஓடிட்டான்னு படிப்பாங்க. எது வேணும்?"

தரையில் ஊன்றியிருந்த காலையும் தூக்கிப் படியில் வைத்துக்கொண்டு அவன் கையை நீட்டினான். "பேனாவக் குடு."

அவள் முதலில் எழுதி முடித்தாள். வண்டி எண், பழுது, பழுது யார் யாரால் வந்தது, இந்த வெள்ளி போவாடி, அடுத்த வெள்ளி ஓஃபோரிவா. தன் பெயரைத்தான் குற்றத்தில் முதலாவதாகப் போட்டிருந்தாள். உரக்கப் படித்தாள். போவாடி கையெழுத்திட்டான். துவோமோ அதற்குள் காரின் அடியில் படுத்துவிட்டதால், தாள் காரின் அடிக்கே போய், ஓரத்தில் ஒரு கறுப்புப் பெருவிரல் தடத்தோடும் கையெழுத்தோடும் திரும்பி வந்தது. பின்னாலேயே ஆயில் தட்டில் கொட்டும் ஓசை கேட்டது.

ஸ்டேஷன் வழியாகப் போகிற வண்டி அன்று போவாடியினுடையதுதான். உறையை ஒட்டப் பசை இல்லை. போக்குவா கென்கி உருண்டையின் இலையைப் பிரித்து ஒரு கிள்ளு கொடுத்தாள். ஓஃபோரிவா அதை விளிம்பு முழுக்கத் தேய்த்து, அவன் கண்ணெதிரே அழுத்தி ஒட்டி, நீட்டினாள்.

"ஓட்டிட்டுப் போ. தள்ளிட்டுப் போயிடாதே."

கூரைமேல் நாற்காலிகள் கடகடக்க, கண்ணாடிக்கு மேலே செருகிய கடிதத்தோடு வேன் மெயின் ரோட்டில் ஏறியது.