சாத்திய கதவும் சார்ஜர் ஒயரும்

என் தம்பி மனைவிக்கு நான் வைத்த பெயர் படிப்பாளி. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் கையில் புத்தகம் இருந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவது அவளுக்குத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் கணக்கு அலுவலகத்தில் நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஒரு தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. போன தடவை அவள் தோற்றபோது, பேசாமல் என்னோடு தையலுக்கு வந்துவிடு என்று சொல்லித் தொலைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் உருப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். தம்பி பல நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேர்வு வீட்டிலேயே, லேப்டாப்பில். கேமரா வழியாக எங்கோ ஒரு கண்காணிப்பாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாராம். எழுந்தால் போச்சு, பேசினால் போச்சு, வேறொருவர் அறைக்குள் தலைகாட்டினாலும் போச்சு. அறை வாசலில் காவல் இருக்கத் தம்பி என்னைத்தான் கேட்டான். கேட்கும்போதே அவன் பார்வையில் ஓர் எச்சரிக்கை இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அந்த லேப்டாப்புக்குப் பேட்டரி செத்து வெகு காலம். ஒயரைப் பிடுங்கினால் மறு நொடி திரை இருண்டுவிடும். ஒயரின் யோக்கியதையோ அதைவிட மோசம். சுவரிலிருந்து வரும் கரண்ட் ஒயர் அடாப்டரில் நுழைகிற இடத்தில் ரப்பர் வெடித்துச் செம்புக் கம்பி தெரிந்தது. தம்பி அதன்மேல் காகிதம் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி வைத்திருந்தான். ஒரு பக்கமாக வளைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தால்தான் சார்ஜ் ஏறும். எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் பழகிப்போன வித்தை. புதிது வாங்கச் சொன்னால், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பான் மகராசன்.

தொடங்குவதற்கு முன் கண்காணிப்பாளரின் குரல், மேசையில் கணினியைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்றது. இஸ்திரிப் பெட்டி எதற்கு என்றும் கேட்டது. படிப்பாளி கூசிப்போனாள். பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் அடாப்டரைப் போட்டு, ஒயரை வளைத்து, மேலே மடித்த பஞ்சுப் போர்வையான ரஜாயைப் பாரமாக வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டாள். மேசைக்குக் கீழே நடப்பது கேமராவுக்குத் தெரியாது. சார்ஜ் விளக்கு எரிந்தது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணால் போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் ஒரு பேண்ட்டுக்குக் கையாலேயே மடிப்பு தைக்க உட்கார்ந்தேன்.

பாதித் தேர்வு ஆகியிருக்கும். பிளாஸ்டிக் உருகுகிற நாற்றம் வந்தது. முதலில் என் தையல் மெஷின் மோட்டாரை மோந்து பார்த்தேன். அது சும்மா கிடந்தது. கதவடியில் குனிந்தேன். நாற்றம் அங்கிருந்துதான்.

வீட்டு வாசலுக்கு ஓடிப்போய், வேலைக்குப் போயிருந்த தம்பிக்குப் போன் போட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஒயர் சூடானால் எப்பவும் அப்படித்தான் நாறும் என்றான். நான் திறந்து பார்க்கட்டுமா என்றேன்.

"அக்கா, இந்தத் தடவையாவது அவளை எழுத விடேன்."

இந்தத் தடவையாவது. அந்த வார்த்தை என்னை நடுக்கூடத்தில் கட்டிப்போட்டது. திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால்? வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே கெடுத்தவள் என்று சாகும்வரை பேர் வாங்குவேன். திறக்காமல், உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்? கைப்பிடியில் கை வைத்தேன், எடுத்தேன். காதை வைத்துக் கேட்டேன். எலிக்குட்டி கொறிப்பது மாதிரி சொடக், சொடக் என்று ஒரு சத்தம். அவள் ஒரு தரம் இருமினாள். அப்புறம் இருமலை அடக்கிக்கொள்வதும் கேட்டது. அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் நாற்றம் மாறியது. இப்போது பஞ்சு கருகுகிற வாடை. இத்தனை வருடம் துணியோடு மாரடிக்கிறேன், அது எனக்குத் தப்பாது. என்ன பேர் வந்தாலும் வரட்டும் என்று ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். மின்விசிறி நின்றது. கதவைத் திறந்தேன்.

அறை முழுக்கப் புகை. படிப்பாளி இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் இன்னும் விசைகளின் மேல் இருந்தன. ரஜாயின் நடுவில் கருப்பாக ஒரு குழி, ஓரம் சிவந்து கனன்றது. அவளை இழுத்து வெளியே தள்ளினேன். ரஜாயைச் சுருட்டிக் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் குழாயடியில் போட்டு மிதித்தேன். திரும்பி வந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். டேப் உருகிச் செம்போடு ஒட்டிக் கிடந்தது.

அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் போட்டிருந்த பேண்ட்டில் முழங்கால் இருந்த இடத்தில் ஓட்டை. அதற்குள் தோல் வெந்து கொப்பளித்திருந்தது. அவளைக் குளியலறைக்கு இழுத்துப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். ஆத்திரம் பொங்கியது.

"ஏண்டி, தீஞ்சது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா."

"பின்ன எந்திரிச்சு வர வேண்டியதுதானே?"

அவள் அழவில்லை. ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நானா எந்திரிச்சா, இந்தத் தடவையும் நானே விட்டுட்டதா ஆயிடும். உங்களுக்கு வாசனை வந்திருக்கும், இப்பத் திறந்துடுவீங்க, இப்பத் திறந்துடுவீங்கன்னு பாத்துக்கிட்டே எழுதினேன். ஏங்க்கா இவ்வளவு நேரம்?"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மக்கில் தண்ணீர் மொண்டு மொண்டு அவள் முழங்காலில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.