பேச மாட்டா

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய். தமிழ் தெரியாத டீச்சர்கள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ் அம்மாக்கள் சொல்வதை டீச்சருக்கும், டீச்சர் சொல்வதை அம்மாக்களுக்கும் மொழிபெயர்ப்பது என் வேலை. போன வருடம் ஒரு சொல்லில் சறுக்கினேன்.

2

"மழை தூறிக்கொண்டிருந்த அந்த மதியம்..."

இப்படித்தான் எழுதத் தொடங்கினேன். மழையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. வகுப்பறை, குட்டி நாற்காலிகள், முட்டி மோவாயில் இடிக்க மூன்று பெரியவர்கள்: டீச்சர், ஓர் அம்மா, நான். அந்த அம்மாவின் ஏழு வயது மகள் பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அம்மா சொன்னாள்: "இவ பேச மாட்டா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. பயமா இருக்கு, டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லுங்கக்கா."

நான் டீச்சரின் மொழியில் சொன்னேன்: பேச மறுக்கிறாள்.*

டாக்டர் விஷயத்தையும் சொன்னேன். ஆனால் டீச்சர் அதற்குள் எழுதிவிட்டார்: பிடிவாதம். வீட்டில் வேறு மொழி. பழகினால் சரியாகும்.

(* 'மாட்டா' என்பது மறுப்பு மட்டுமில்லை; மாட்டாமை என்றால் இயலாமையும்தான். அகராதியைப் புரட்ட எனக்கு ஒரு வருடம் பிடித்தது.)

3

டீச்சரை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷி, எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார். அதுதான் எரிச்சல்.

அதே வகுப்பில் டீச்சரின் இனத்துக் குழந்தை ஒருத்தி. அவளும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்றே வாரத்தில் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆட்டிசம் என்று தெரிந்தது. இப்போது உதவிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள். அவள் பேசாவிட்டால் "ஏன்?" என்று கேட்டார்கள். இவள் பேசாவிட்டால் "வீட்டு மொழி" என்றார்கள். அடப்பாவிகளா, இவள் எந்த மொழியிலும்தான் பேசவில்லையே!

(பாவிகள் பட்டியலில் நானும் உண்டு.)

4

நேற்று அந்த அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னதை அப்படியேதானே சொன்னீங்க?"

[இங்கே நான் உண்மையை ஒப்புக்கொள்வதாக மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நடந்தது இது:]

"அப்படியேதாம்மா."

"அப்புறம் ஏன் பிடிவாதம்னு எழுதியிருக்காங்க? ஒரு வருஷம் போச்சேக்கா. உங்களுக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க."

போனேன்.

5

முடிவு ஒன்று: டீச்சர் கண்கலங்கி... சே, அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்." இது எழுதாமலே நடக்கும்.

மூன்றாவதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நாளை பத்து மணிக்கு மறுபடி கூட்டம், அதே குட்டி நாற்காலிகள். என்னுடையதில் நீங்கள் உட்காருங்கள். முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். ஜிப் சத்தம் கேட்கிறதா?

அம்மா சொல்கிறாள்: "இவ பேச மாட்டா."

டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டு உங்களைப் பார்க்கிறார்.

சொல்லுங்கள்.